பளிங்கு மனுசனின் காது

நவ. 3, திங்கள்

காலையிலேயே மழையும் பனியும் கலந்து ஊற்றுகிறது. முதுகு: மோசம். (முதுகைப் பற்றி நாளாந்தம் எழுதி வைக்கச் சொன்னது டொக்டர். மிச்சமெல்லாம் நானாக எழுதுவது. அவருக்குக் காட்டுவதில்லை.)

செய்ய வேண்டியவை: பாண், பால். போத்தல் குப்பை தனியாக. ரீவி ரிமோட்டுக்கு பற்றரி.

ஜெசி வெள்ளனவே மியூசியத்து வேலைக்குப் போய்விட்டாள். (இனி ஜெ. இத்தனை வருச மனைவிக்கு முழுப்பெயர் எழுதி மை கரைக்க ஏலாது.) சோபாவில் கிடந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். போன கிழமை, மியூசியம் சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று ஒருதரம் தேடினேன், அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று. அன்றிலிருந்து போன் என்னை விடுவதாக இல்லை. மியூசியம், மியூசியம், மியூசியம். சின்னச் சின்ன வீடியோக்கள். ஒரு படத்தைக் காட்டி ஒரு நிமிசம் ஆரோ கதைப்பார்கள். முடிய அடுத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, தானாக ஊட்டுகிறது.

அதிலே ஒன்று. தலைப்பு: ‘திங்கட்கிழமை, பூட்டியிருக்கும்போது’. பேச்சு இல்லை. கழுத்துக்கு மேலே மட்டும் ஒரு பளிங்கு மனுசன். பெரிய மூக்கு, தாடி. இரண்டு கை வருகிறது. ஒன்றில் மெல்லிய தூரிகை, மற்றதில் தூசி உறிஞ்சும் குழாய். நெற்றி, புருவம், மூக்கோரம். பிறகு காதுக்குப் பின்னால். பிறகு காதுக்குள்ளே. மெதுவாக. அவசரமே இல்லை.

இடது மணிக்கட்டில் எரிகாயத் தழும்பு, சின்ன மீன் வடிவில். கோயிலுக்கு நத்தார் கேக் அடித்தபோது அவணில் சுட்டது. நான்தான் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெ.யின் கை.

திருப்பிப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். விரலில் மோதிரம் இல்லை. கையில் காப்பும் இல்லை.

எனக்குத் தெரிந்து இவளுக்கு மியூசியத்தில் நிலம் துடைக்கிற வேலை. நிலம், படி, கழிப்பறை, கன்ரீன். ஆம்பிளைகளின் காது பற்றி எவரும் என்னிடம் சொல்லவில்லை.

பின்னேரம் வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன்.

“இண்டைக்கு என்ன வேலை?”

“வழமையான வேலைதான். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

“நீங்கள் சும்மா கேக்கிற ஆளில்லையே.”

மோதிரம் விரலில் இருந்தது. காப்பும்.

பற்றரி வாங்க மறந்துவிட்டேன்.

நவ. 4, செவ்வாய்

முதுகு: நேற்றைப்போல. இருட்டு நாலு மணிக்கே வந்துவிட்டது.

யோசிக்க வேண்டியவை:
— கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டுகிறாள். எங்கே வைக்கிறாள்?
— வீடியோ எடுத்தது ஆர்? கமரா தானாக நடக்காது.
— எனக்கு ஏன் சொல்லவில்லை?
— பளிங்கு மனுசன் ஆர்? (முக்கியமில்லை. ஆனாலும்.)

சோறு சாப்பிடும்போது சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

“உம்மட மோதிரம் இறுகுதோ?”

“இல்லையே. ஏன், புதுசு வாங்கித் தரப் போறியளோ?”

“குளிருக்கு விரல் வீங்கும் எண்டு கேள்விப்பட்டன்.”

“வீங்கினா உங்களுக்குத்தான் முதல் வீங்கும்” என்றாள். மீன் குழம்பைத் தள்ளி வைத்தாள் என் பக்கம். சாதாரணமாக இருக்கிறாள். இவ்வளவு சாதாரணமாக இருக்கிற ஆளை நம்பக் கூடாது.

நவ. 6, வியாழன்

முதுகு: கொஞ்சம் தேவலை. வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மியூசியத்தின் வீடியோக்கள் அத்தனையும் பார்த்து முடித்தேன். இரண்டு நாள் வேலை. ஒரு வெள்ளைப் பெட்டை பழைய கதிரையொன்றைப் பற்றிக் கதைக்கிறாள், அந்தக் கதிரையிலே எவரும் இருக்கக் கூடாதாம். பிறகென்ன கதிரை. ஒரு கிழவர் பனிமலைப் படத்தில் சின்னதாய் நிற்கிற ஆட்டைக் காட்டித் தருகிறார், நான் அந்த ஆட்டைக் காணவே இல்லை, நிறுத்திப் பெருப்பித்துப் பார்த்தேன், இருக்கிறது. ஒரு கடல் படம். வடக்கே மீன் கொம்பனியில் நான் நின்ற இடத்துக் கடல் அச்சு அசலாக அதே நிறம், ஈயம் உருக்கி ஊற்றின மாதிரி. அதை மட்டும் திரும்பப் பார்த்தேன், ஜெ.யோடு சம்பந்தமில்லாமல்.

ஆனால் ‘திங்கட்கிழமை’ வீடியோக்கள் இன்னும் மூன்று கிடக்கின்றன. எல்லாம் அதே கை. ஒன்றில் ஒரு சட்டத்தின் பொன்பூச்சு மேல் தூரிகை போகிறது. ஒன்றில் ஒரு வெண்கலக் குதிரை. அதன் முடிவிலே, தூரிகை தவறிக் கீழே விழ, ஒரு ஆம்பிளைச் சிரிப்பு. கூடவே ஒரு பொம்பிளைச் சிரிப்பு. வாயைப் பொத்தாத சிரிப்பு.

வீட்டில் ஜெ. சிரித்தால் கையால் வாயைப் பொத்துவாள்.

கீழே உலகமே எழுதி வைத்திருக்கிறது. ‘இந்தக் கைகளைப் பார்த்தால் மனம் ஆறுகிறது.’ ‘என்னையும் இப்படி ஒருவர் துடைக்கமாட்டாரா?’ கோதாரி விழுவான். பெயரும் படமும் போட்டு எழுதுகிறான், வெட்கமில்லாமல்.

இன்றைய சோலி: குளியலறைக் காற்றுக்குழாய் இழுக்கவில்லை. ஜெ. வேலைக்குப் போகும்போது, “ஒருக்காக் கட்டடச் சங்கத்துக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோவன்” என்றாள். அடித்தேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெடியன். நன்றாக விளங்கப்படுத்தினேன். ஆள் இல்லையாம், திருப்பி அடிப்பார்களாம்.

இந்த வீட்டில் நோர்வேக்காரரோடு நோர்ஸ்க் கதைக்கிற வேலை என்னுடையது. அது எழுதப்படாத சட்டம். பென்சன் கந்தோர், கரண்ட், பல் டொக்டர், எல்லாம் நான். ஜெ.யின் முழங்காலுக்கு டொக்டரிடம் போனாலும் பக்கத்தில் நான். நோவு அவளுடையது, சொல் என்னுடையது. அவள் தலையாட்டுவாள். “கடையில காசு குடுக்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்” என்பாள். முதுகு போய் வேலையும் போனபிறகு வீட்டில் எனக்கென்று மிஞ்சினது இது ஒன்றுதான். நன்றாகவே செய்கிறேன்.

நவ. 9, ஞாயிறு

முதுகு: எழுத மனமில்லை.

தமிழ்ப் பூசை. சுவாமி நீளப் பிரசங்கம். இறந்தவர்களின் மாதம் என்று ஆளுக்கொரு மெழுகுதிரி. முடிய மண்டபத்தில் தேத்தண்ணி. ஜெ. மற்றப் பெண்களோடு அந்தப் பக்கம் நின்று றோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம், பிரான்சிஸ் அண்ணனோடு. மன்னார் ஆள், லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறார். நல்ல மனுசன், ஆனால் மெதுவாகக் கதைக்கத் தெரியாது.

“தம்பி, உம்மட மனுசி என்ன வடிவா நோர்ஸ்க் கதைக்கிறா! எங்கட மகள் காட்டினவள்.”

“ஆர்? இவளோ?”

“பின்ன ஆர்? இந்தா பாரும்.”

போனை நீட்டினார். நேற்றுப் போட்ட வீடியோவாம். எனக்கு வரவில்லை. (போன் இவளோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது.) அதே பளிங்கு மனுசன், அதே தூரிகை. இந்த முறை குரல்.

ஜெ.யின் குரல்தான். ஆனால் ஓடுகிறது. நோர்ஸ்க் தண்ணீராக ஓடுகிறது. அவள் சொன்னது கிட்டத்தட்ட இது: “இவரோடு எனக்கு ஒவ்வொரு திங்களும் சந்திப்பு. இடது காதில் எப்போதும் தூசி, வலது காதில் இல்லை. ஏனென்று எவருக்கும் தெரியாது. ஒரு காதால் மட்டும் கேட்கிற ஆள்போல. வீட்டிலும் எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்.” பிறகு சிரிப்பு. பொத்தாத சிரிப்பு.

தூசிக்கு ‘ஸ்தோவ்’ என்று இரண்டு மூன்று இடத்தில் சொல்கிறாள். அந்த ‘ஓ’வை உதட்டைக் குவித்து இந்த நாட்டார் வளைக்கிற மாதிரியே வளைக்கிறாள். இத்தனை வருசத்தில் எனக்கு அந்த ‘ஓ’ வளைந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மண்டபத்தின் அந்தப் பக்கம் அதே வாய், “இன்னுமொரு றோல்ஸ் எடுங்கோ அக்கா” என்று தமிழில் கதைத்துக்கொண்டிருக்கிறது.

“உமக்குத் தெரியாதோ?” என்றார் பிரான்சிஸ் அண்ணன்.

“தெரியாமலோ? நான்தானே பழக்கினனான்.”

ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. அவர் என் தோளில் தட்டினார். தன் மனுசிக்குப் பத்து நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை இருக்கிறது, ஜெ. கூடப் போய்க் கதைத்து உதவுவாளா என்று கேட்டுச் சொல்லட்டாம். பொம்பிளைச் சோதனை, என்னைக் கூப்பிட ஏலாதாம்.

“ஓம் ஓம், சொல்லுறன்.”

திரும்பி வரும்போது டி-பானா ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தரிப்பிடம் ட்வெய்ட்டா வந்ததும் அவள்தான் முதலில் எழும்பினாள்.

பிரான்சிஸ் அண்ணன் கேட்டதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நவ. 10, திங்கள்

முதுகு: குளிருக்கு விறைத்தது. என் பிழை.

ஜெ. போய்க் கொஞ்ச நேரத்தில் நானும் வெளிக்கிட்டேன். ரயிலில் எதிரே இந்தியாப் பக்கத்துத் தமிழ்ச் சோடி ஒன்று, கல்யாணமாகிப் புதிது போல. பெட்டை போனைக் காட்டுகிறாள்: “இதப் பாரேன், சும்மா பாத்துட்டே இருக்கலாம்.” “செம்ம ரிலாக்ஸிங்ல?” என்கிறான் பெடியன். எட்டிப் பார்த்தேன். குதிரை. தூரிகை. என் மனைவியின் கை. ‘அது என்ர மனுசி’ என்று சொல்ல வாய் வந்தது. மோதிரம் எங்கே என்று கேட்டால்? பேசாமல் இருந்துவிட்டேன்.

மியூசியம் பூட்டு. பின்பக்கம் வேலைக்காரர் வாசல். எதிரே ட்ராம் தரிப்பிடம், அதற்குள் நின்றேன். தொப்பியை நெற்றிவரை இழுத்து. என்னைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

மத்தியானம் கதவு திறந்தது. ஜெ. ஒரு நெட்டை ஆளோடு வெளியே வந்தாள். கழுத்தில் கமரா. இவன்தான் சிரிப்புக்காரன் என்று நினைத்தேன். வடிவாகப் பார்த்தால் சின்னப் பெடியன், எங்கள் மகளின் வயதும் இராது. பல்லுக்குக் கம்பி. கையில் வாழைப்பழம். ஜெ. அவனுடைய கழுத்துத் துண்டைப் பிடித்து இறுக்கிக் கட்டிவிட்டாள், குளிருமாம். “எய்ரிக், எய்ரிக்” என்று ஏதோ ஏசினாள். அவன் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றான்.

அந்த நேரம் ஒரு சாமான் வான் வந்து வாசலை மறித்து நின்றது. ஜெ. போய் யன்னலில் தட்டினாள். கதைத்தாள். சாரதி ஏதோ சொன்னான். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள், சத்தமாக, கையை நீட்டி, அந்தப் பக்கம் இடம் கிடக்கிறதே கண் இல்லையா என்பது மாதிரி. எனக்குத் தரிப்பிடத்துக்குள் நின்று எல்லாம் கேட்டது. ஒரு சொல் தடக்கவில்லை. வான் பின்னுக்குப் போனது. எய்ரிக் கை தட்டினான்.

வீட்டுக்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில்தான் விளங்கியது எனக்குள் எது உறுத்துகிறதென்று. அந்தப் பெடியனிலே பிழை இருந்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும். ஒரு ஆளைத் திட்டலாம். இப்போது ஆரைத் திட்டுவது? இவளுக்கு வாய் இருக்கிறது. இத்தனை காலமும் இருந்திருக்கிறது. என்னிடம் மட்டும் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளிக்கிற ஆள் வேறென்ன ஒளிப்பாள்? எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இங்கே மட்டும் எழுதலாம்.

நான் இல்லாமல் இவளால் எல்லாம் முடியும். பிறகு நான் எதற்கு?

நவ. 11, செவ்வாய்

முதுகு: நடந்ததால் இளகியது. டொக்டர் சந்தோசப்படுவார்.

ஜெ.க்கு இன்று லீவு. டொக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டு மியூசியத்துக்குப் போனேன். டிக்கட் எடுத்து, ஆளாக, முன்வாசலால். பளிங்கு மனுசன் இரண்டாம் மாடியில் ஒரு மூலையில். ஆரோ கப்பல் முதலாளியாம். வீடியோவில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். துப்புரவென்றால் அப்படி ஒரு துப்புரவு. இடது காதை நன்றாகக் குனிந்து பார்த்தேன். தூசி இல்லை. நேற்றுத்தானே துடைத்திருக்கிறாள்.

கூடக் குனிந்துவிட்டேன் போல. காவலுக்கு நிற்கிற பெண் வந்துவிட்டாள். உதவி வேண்டுமா என்று கேட்கிறாள், அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் ‘தள்ளி நில்’ என்று அர்த்தம். நான் சந்தேகப்பட வந்த இடத்தில் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இவரைத் துடைப்பது என் மனைவி என்றேன்.

முகம் அப்படியே மாறியது. “ஜெசியின் கணவரா நீங்கள்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. “உங்களைப் பற்றி நிறையச் சொல்வாள். வீட்டில் எல்லா அலுவலும் நீங்கள்தானாம். எந்தக் கந்தோரானாலும் ஒரு ரெலிபோனில் முடித்துவிடுவீர்களாம். நோர்ஸ்க்கில் தன்னைவிட நீங்கள்தான் கெட்டிக்காரராம்.”

தன்னைவிட.

அப்படி ஏன் சொல்லி வைத்திருக்கிறாள்? பகிடியோ? கப்பல் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது போல.

நவ. 13, வியாழன்

மூடுபனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. முதுகு: அப்படியே.

மகள் மெரினாவுக்கு அடித்தேன். துரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். சாப்பாடு, குளிர், சோதனை எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில்:

“பிள்ளை, அம்மாவுக்கு நோர்ஸ்க் தெரியுமோ?”

“அப்பா, எனக்கு இப்ப லெக்சர்.”

“இப்பதானே முடிஞ்சதெண்டனீர்?”

“அப்பா… ப்ளீஸ். அம்மாட்டையே கேளுங்கோ.”

“உமக்கு எப்ப இருந்து தெரியும்?”

“நீங்கள் நைட் ஷிஃப்ட் போகேக்க என்ர பள்ளிக்கூட மீற்றிங்குக்கு ஆர் வந்தது? அம்மாதானே. சும்மா இருந்திட்டுப் போக வந்தவா எண்டே நினைச்சனீங்கள்? கணக்கு ரீச்சரோட சண்டையே பிடிச்சவா.”

அப்படித்தான் நினைத்திருந்தேன். இருந்துவிட்டு வருவாள் என்று.

“அப்பா, கோவிக்காதேங்கோ அவாவோட.” வைத்துவிட்டாள். ஆக, வீட்டில் மூன்று பேர், அதில் தெரியாதது எனக்கு மட்டும். கோயிலுக்கே தெரியும்.

பின்னேரம் ஒரு சோதனை வைத்தேன். போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், எவராவது அடித்தால் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று. அடித்தது. கதவில் தட்டு.

“இஞ்சருங்கோ, நோர்ஸ்க் ஆள் ஒருத்தர். கெதியா.”

“நீர் கேளுமன் என்னெண்டு!”

“எனக்கு என்ன விளங்கப் போகுது? பிடியுங்கோ.”

கதவிடுக்கால் போன் வந்தது. தலை முழுக்கச் சவர்க்காரம், ஒரு கண் எரிய, துவாயைப் பிடித்துக்கொண்டு கதைத்தேன். கரண்ட் விற்கிறவன். வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொன்னேன். வெளியே அவள் அடுப்பைத் துடைக்கிற சத்தம். ஒரு வானையே பின்னுக்கு அனுப்பின ஆள்.

எனக்கு நடிக்க வராது. இவளுக்கு வருகிறது.

நவ. 16, ஞாயிறு

முதல் பனி, நிலத்தில் நிற்கவில்லை. முதுகு: இன்றைக்கு விட்டுவிடுங்கள்.

காலமை ஜெ.யின் போனுக்குப் பிரான்சிஸ் அண்ணனின் மனுசி அடித்தா. ஸ்பீக்கரில் போட்டபடி ஜெ. அப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டு நின்றாள். நான் மேசையில்.

“ஜெசி, வாற புதன்கிழமை என்னோட வாறீர்தானே? உம்மட அவர் சொல்லியிருப்பார்.”

ஜெ. என்னைப் பார்த்தாள்.

“உமக்கு நோர்ஸ்க் பழக்கினதே தான்தானெண்டு இவரிட்டச் சொன்னவராம். குடுத்து வைச்ச ஆள் நீர். எங்கட இவர் எனக்கு ஒரு சொல் பழக்கேல்லை.”

“ஓம் அக்கா, வாறன்” என்றாள் ஜெ. “இவர்தான் பழக்கினவர்.”

போனை வைத்தாள். கையைக் கழுவினாள். நான் சொல்லட்டும் என்று அவள், அவள் சொல்லட்டும் என்று நான். அப்பம் வந்தது. நடுவிலே முட்டை விட்டு, எனக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகி. அப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டு எப்படிச் சண்டை தொடங்குவது? வேண்டுமென்றே செய்கிறாள்.

நவ. 17, திங்கள்

கேட்டுவிட்டேன்.

பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றினாள். இரண்டு கிழமையாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“என்ர காதை ஒருநாளாவது இப்பிடித் துடைச்சிருக்கிறீரோ?”

அவள் ஒரு சப்பாத்தோடு நின்றாள். பிறகு சிரித்தாள், வாயைப் பொத்தாமல், கதவில் சாய்ந்து. சிரித்து முடியக் கண் கலங்கியிருந்தது.

“எப்ப பாத்தனீங்கள்?”

“முதலாம் வீடியோவே பாத்திட்டன்.”

“அதில கை மட்டும்தானே. முகம் வேண்டாம் எண்டு அதுக்குத்தான் எய்ரிக்கிட்டச் சொன்னனான். கையை வைச்சு ஆர் கண்டுபிடிக்கப் போயினம் எண்டு நினைச்சன்.”

“நான் கண்டுபிடிப்பன்” என்றேன்.

மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். மோதிரம் எங்கே என்று கேட்டேன். கல் கீறுமாம், எல்லாரும் கழற்ற வேண்டுமாம், லொக்கரில் ஒரு சின்னத் துணிப்பையில் வைக்கிறாளாம். நிலம் துடைக்கிறதிலிருந்து சிலைகளுக்கு மாற்றி இரண்டு வருசமாம். இரண்டு வருசம்.

“அதையும் ஏன் சொல்லேல்லை?”

“அந்த வேலைக்கு நோர்ஸ்க் வேணும், சொன்னா எங்க படிச்சனீர் எண்டு கேப்பீங்கள்.”

“எங்க படிச்சனீர்?”

“பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கேக்க அவளோட சேர்ந்து. பிறகு வேலையில. உங்களுக்கு முன்னால கதைக்க வெக்கமாக் கிடந்தது, முதல்ல அவ்வளவுதான்.”

“முதல்ல. பிறகு?”

தேத்தண்ணி போட்டாள். இரண்டு கோப்பை. எனக்கு எதிரே இருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

“உங்களுக்கு முதுகு போன அந்த வின்டர் நினைவிருக்கோ? சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தீங்கள். முகம் கழுவேல்லை, தாடி வழிக்கேல்லை, சாப்பாடு கட்டிலுக்குத்தான். நானும் பிள்ளையும் அறைக்குள்ள வரவே பயந்தனாங்கள். அப்ப ஒருநாள் குளியலறைத் தண்ணி கசிஞ்சு கீழ்வீட்டுக்காரன் வந்து கத்தினான். நான் போனை எடுத்துச் சங்கத்துக்கு அடிச்சு, கதைக்கத் தொடங்கினனான். நல்லாத்தான் கதைச்சனான். நீங்கள் கட்டிலால எழும்பி, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, என்ர கையால போனைப் பறிச்சுக் கதைச்சீங்கள். நிண்டுகொண்டு. அரை மணித்தியாலம். கதைச்சு முடிச்சுத் தேத்தண்ணி கேட்டீங்கள், மேசையில இருந்து குடிச்சீங்கள். அண்டைக்குப் பிறகு நான் இந்த வீட்டில நோர்ஸ்க் கதைக்கேல்லை.”

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. ஆனால் வேறு மாதிரி. ஜெ. போனோடு தடுமாறிக்கொண்டு நிற்க, நான் போய்க் காப்பாற்றின நாள் அது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்து தலையாட்டினாள்.

கோபம்தான் முதலில் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

“அப்ப இவ்வளவு காலமும் எனக்குப் பிச்சை போட்டனீரோ?”

“பிச்சையோ? கதைக்க எனக்கு மியூசியம் கிடக்கு. ட்ராம் கிடக்கு, கடை கிடக்கு. வீட்டில எனக்கு எழும்பி நடக்கிற மனுசன் வேணும். அது என்ர தேவை. உங்களுக்குப் போட்ட பிச்சை இல்லை.”

தேத்தண்ணி ஆறிவிட்டது. எழும்பிப் போய்ச் சுடவைத்துக்கொண்டு வந்தாள். நான் குடித்தேன். என்ன சொல்ல இருக்கிறது, எந்த மொழியில்?

முதுகு: கவனிக்கவில்லை.

நவ. 18, செவ்வாய்

குளிர் கூட. வழுக்காமல் இருக்கத் தெருவில் கல் தூவிவிட்டார்கள்.

நான் கதைக்கவில்லை. அவளும் கதைக்கவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய். காலமை நேரத்துக்கே எழும்பி முகம் வழித்தேன். கட்டிலில் கிடந்தால் வேறு மாதிரி நினைப்பாள். இனி எழும்பினாலும் கிடந்தாலும் என்னை அவள் பார்க்கிறாளோ என்று நான் பார்க்க வேண்டும். பெரிய கரைச்சல்.

பாண் வாங்கினேன். பற்றரியும்.

புது வீடியோ ஒன்று. ஒரு மரப் பெண், மூக்கு உடைந்தவள், அவளுடைய சட்டை மடிப்புகளுக்குள் ஜெ. தூரிகை விட்டு எடுக்கிறாள். ‘மடிப்புக்குள் போனது லேசில் வராது, பொறுமையாக இருக்க வேண்டும்’ என்கிறாள். ஆருக்குச் சொல்கிறாள்? எனக்குத்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் எனக்குச் சொல்வதாகத்தான் இப்போது கேட்கிறது. வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற லைக் இதயத்தில் விரல் பட்டுச் சிவந்துவிட்டது. தவறுதலாக. எடுக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

நவ. 19, புதன்

வெளிச்சமான நாள். முதுகு: பரவாயில்லை.

ஜெ. லீவு போட்டு, வெள்ளனப் பிரான்சிஸ் அண்ணனின் மனுசியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். எல்லாம் நல்லபடியாம். வந்து சட்டை மாற்றக்கூட இல்லை, மேசையில் என் போன் அடித்தது. நான் யன்னலடியில் பேப்பரோடு. எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, கட்டடச் சங்கம்.” வழமைபோல நீட்டினாள்.

“நீர் கதையும்.”

“நீங்கள்தானே முதல்லயும் கதைச்சனீங்கள்.”

“இருக்கட்டும். கதையும் எண்டுறன்.”

கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கதைத்தாள். எனக்கு முன்னால், முதல் தடவை. நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் உள்ளே போகவில்லை. குளியலறை, குழாய், எத்தனை நாளாக இழுக்கவில்லை, ஈரம், பூஞ்சணம், எல்லாம் சொன்னாள். கெதியாக, நடுவிலே ஏதோ பகிடி வேறு, அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. நான் கதைத்தால் அங்கே எவரும் சிரிப்பதில்லை. பொறாமை கொஞ்சம். பெருமை எவ்வளவென்று தெரியவில்லை.

பிறகு நிறுத்தினாள். உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“குழாய்க்குள்ள தூசி அடைச்சிருக்கெண்டு சொல்ல வேணும். தூசிக்கு என்ன சொல்லுறது?”

பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணையும் பார்த்தேன். திங்களுக்குத் திங்கள் அந்தச் சொல்லோடு வேலை செய்கிறவள். உலகம் முழுக்கக் கேட்க அந்தச் சொல்லைச் சொன்னவள்.

“ஸ்தோவ்” என்றேன், எழும்பி நின்று.

போனை வாயருகே கொண்டு போனாள். “ஸ்தோவ்” என்றாள், நான் சொன்ன மாதிரியே, வளைக்காமல்.